மழையில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்: மேலே விழும் தண்ணீரும் கீழே நிற்கும் தண்ணீரும்

பள்ளிக்கரணையில் வீடு, சிறுசேரியில் வேலை, ஜூன் மாதம் வாங்கிய புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். "அக்டோபர் வருகிறது. மழையில் ஓட்டலாமா? ஷாக் அடிக்குமா? வெள்ளத்தில் மாட்டினால் பேட்டரி போய்விடுமா? அம்மா வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்" என்று கேட்டிருந்தீர்கள்.

ஓட்டலாம். விற்க வேண்டாம். ஐந்து ஐப்பசி, கார்த்திகையை இந்த மாதிரி வண்டியில்தான் கடந்திருக்கிறேன். மழையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி என்னை நடுவழியில் விட்டதே இல்லை. என் வண்டிக்கு வந்த கோளாறெல்லாம் கழுவும்போது வந்தது, நிறுத்தி வைத்திருந்தபோது வந்தது, ஒரே ஒரு முறை அவசரப்பட்டுக் குளத்துக்குள் விட்டதுபோல் விட்டதால் வந்தது. அதனால் மேலே விழும் மழையைப் பற்றிக் கொஞ்சமாகவும், கீழே தேங்கும் தண்ணீரைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் பயம். பேட்டரியின் மின்னழுத்தம் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 48 முதல் 72 வோல்ட்டுக்குள் இருக்கும். வீட்டு லைன் 230 வோல்ட். இந்த வித்தியாசத்தைவிட முக்கியமானது இன்னொன்று. தெருவோர மின் பில்லர் பெட்டிக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தவர்கள் இறந்துபோகிறார்களே, அது ஏன்? அந்த மின்சாரம் தரை வழியாகத் தன் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பப் போகும். நாம் நடுவில் நின்றால் நம் வழியாகவும் போகும். ஸ்கூட்டர் பேட்டரிக்குத் தரையோடு எந்த உறவும் கிடையாது. அதிலிருந்து கிளம்பும் மின்சாரம் அதற்கேதான் திரும்ப வேண்டும். நனைந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர் அந்தச் சுற்றுக்குள்ளேயே இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பயப்படத்தான் வேண்டும் என்றால் பில்லர் பெட்டிக்குப் பயப்படச் சொல்லுங்கள். வீட்டுச் சுவரில் இருக்கும் சார்ஜிங் பாயின்ட்டுக்கும் கொஞ்சம் பயப்படலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் அந்த "ஐபி 67". தூசியையும் தண்ணீரையும் எந்த அளவுக்குத் தாங்கும் என்று சொல்லும் தர எண் அது. ஷோரூமில் இதை மந்திரம் மாதிரி சொல்வார்கள். 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கு. 7 என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்து எடுத்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்குத் தண்ணீர் புகாது என்பதற்கு. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் சோதனை நடப்பது சுத்தமான நல்ல தண்ணீரில், புத்தம்புதுப் பெட்டியில், அசையாமல் வைத்து. வேளச்சேரியில் தேங்குவது சாக்கடை கலந்த தண்ணீர். மூன்று வெயில் பார்த்த ரப்பர் கேஸ்கெட்டும் புதுசு மாதிரி இருக்காது. அதோடு அந்த எண் பொதுவாகப் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் சொல்லப்படுவது. கையில் தூக்கிப் போகும் சார்ஜர், சுவிட்சுகள், ஒயர்களை இணைக்கும் கப்ளர்கள் எல்லாம் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 7-ஆம் எண் மூழ்குவதற்கான சோதனை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கான சோதனை 5, 6. ஏழைத் தாண்டியது ஆறையும் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது, இரண்டும் வேறு வேறு பரீட்சை. இதனால்தான் வாட்டர் சர்வீஸ் கடையில் கொண்டுபோய் விட்டால், அடைமழையில் ஒன்றும் ஆகாத வண்டி அங்கே கெட்டுப்போகிறது. அந்த பிரஷர் கன் கப்ளர் இடுக்கில், ஹேண்டில் சுவிட்சில், சீட்டுக்கு அடியில் இருக்கும் சார்ஜிங் வாயில் தண்ணீரைத் திணித்துவிடும். வாளித் தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும். சேறு காய்ந்திருந்தால் மக்கில் ஊற்றி ஊறவிட்டுத் துடையுங்கள்.

பழைய வண்டி வாங்கும் எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் ஒரு தகவல். 2022 கோடையில் நாடு முழுக்கப் பல ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அதற்கு முன் தயாரான வண்டி என்றால் மழை விஷயத்தில் நான் இன்னும் ஒரு படி ஜாக்கிரதையாக இருப்பேன்.

இப்போது ஆழம். பெட்ரோல் வண்டி காற்றை இழுத்துப் புகையை விட வேண்டும், அந்த வழியில் தண்ணீர் புகுந்தால் நின்றுவிடும். மின் வண்டிக்கு மூச்சு விடும் வேலையே இல்லை. அதனால் பக்கத்தில் பெட்ரோல் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருக்க நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். அந்தப் பெருமைதான் ஆபத்து. வண்டி நிற்கவில்லை என்பதற்காகத் தண்ணீர் அதற்குள் போகவில்லை என்று அர்த்தமில்லை.

உங்கள் வண்டியில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டிவிஎஸ் ஐக்யூப் மாதிரி வண்டிகளில் மோட்டார் பின் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும், ஹப் மோட்டார் என்பார்கள். ஏதர் வண்டிகளில் மோட்டார் உள்ளே இருந்து பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுற்றும். 12 அங்குலச் சக்கரம் கொண்ட ஸ்கூட்டரில் அச்சின் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். அதாவது ஒரு சாண். தண்ணீர் ஒரு சாணைத் தொட்டால் ஹப் மோட்டாரில் பாதி உள்ளே. ஃபுட்போர்டுக்கு அடியில் பேட்டரி இருக்கும் வண்டி என்றால் அதற்கு முன்பே பேட்டரியின் அடிப்பாகம் நனைந்திருக்கும்.

நான் செய்த தப்பு இதுதான். ஒரு நவம்பர் மாலை. பெருங்குடியிலிருந்து நாற்பது நிமிடம் இடைவிடாமல் ஓட்டி வந்து, நாராயணபுரம் பக்கம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்ற தண்ணீரில் அப்படியே இறக்கிவிட்டேன். மோட்டார் சூடாக இருந்தது, தண்ணீர் ஜில்லென்று இருந்தது. சூடான ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்தால் சுருங்கும். சுருங்கினால் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். வெளியே இருந்தது சாக்கடைத் தண்ணீர். அச்சின் வழியாக ஒயர் நுழையும் இடத்திலும் பேரிங் ஓரத்திலும் இருக்கும் மயிரிழை இடைவெளி போதும். அன்றைக்கு வண்டி ஒன்றுமே ஆகாத மாதிரி வீடு வந்து சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்துக் கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் சரியாகிவிடும்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை கழற்றிப் பார்த்தபோது உள்ளே துரு. சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் கால்களில் களிம்பு ஏறியிருந்தது. ஹப் மோட்டாரில் தண்ணீர் புகுந்தால் இப்படித்தான், உடனே காட்டாது.

அதனால் என் கணக்கு: கணுக்கால் அளவு வரை மெதுவாகப் போகலாம். ஒரு சாணைத் தொடும் என்று தோன்றினால் திரும்பிவிட வேண்டும். கம்பெனிகள் 300 மில்லிமீட்டர், 400 மில்லிமீட்டர் என்று விளம்பரத்தில் ஓட்டிக் காட்டுவார்கள். எதிரே ஒரு மாநகரப் பேருந்து வந்தால் அலை எழும்பும், அந்த அளவெல்லாம் அதோடு போச்சு. வேறு வழியே இல்லாமல் இறங்கத்தான் வேண்டும் என்றால், முதலில் ஒரு ஐந்து பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தி மோட்டாரை ஆறவிடுங்கள். பிறகு நடை வேகத்தில், நிற்காமல், அலை எழுப்பாமல் போங்கள். சுரங்கப்பாதைகள் பக்கமே வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் "போய்விடலாம்" என்று இறங்குகிறார்.

ஓட்டும் விதத்தில் பெட்ரோல் வண்டியிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டியது இரண்டு உண்டு. ஒன்று, மின் மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். காய்ந்த ரோட்டில் சுகம். நனைந்த ரோட்டில், அதுவும் சிக்னலில் வெள்ளைக் கோட்டின் மேல் பின் சக்கரம் நிற்கும்போது முறுக்கினால் பின்பக்கம் வழுக்கும். மழை தொடங்கியதும் ஈகோ மோடுக்கு மாறிவிடுங்கள். இரண்டாவது ரீஜென். கையை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்ததும் மோட்டாரே பிரேக் பிடிக்கும் அல்லவா, அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். வளைவில், ஈரத்தில், சட்டென்று கையை விட்டால் பின் பிரேக்கை அழுத்தியதற்குச் சமம். ரீஜெனைக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள், இல்லையென்றால் ஆக்சிலரேட்டரை மெதுவாக மூடப் பழகுங்கள்.

உங்கள் ஓஎம்ஆர் வழியில் மெட்ரோ வேலைக்காக இரும்புத் தகடு போட்டிருக்கும் இடங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மழையில் அது சோப்புக் கட்டி. தகட்டின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், நேராக உருண்டு போய்விட வேண்டும். முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் ரோடு மிக மோசமாக வழுக்கும். பல மாத எண்ணெய்யும் தூசியும் அப்போதுதான் மேலே மிதந்து வரும். டயரில் பட்டன் தேய்ந்து போயிருந்தால் தீபாவளிக்கு முன்பே மாற்றிவிடுங்கள். தண்ணீரைத் தாண்டி வந்ததும் லேசாக இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் டிஸ்க்கும் டிரம்மும் காயும். இன்னொன்று, நம் வண்டிக்குச் சத்தம் கிடையாது. ரெயின்கோட் தொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு நடப்பவருக்கு நாம் வருவது தெரியவே தெரியாது. ஹாரனைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், இது ஒன்றில் மட்டும் சென்னை மரபு சரி.

தொடுதிரை இருக்கும் வண்டி என்றால் மழைத்துளியே திரையைத் தொட்டு எதையாவது திறக்கும். கிளம்பும் முன்பே மேப், மோடு எல்லாம் வைத்துவிடுங்கள்.

நடுரோட்டில் மழையில் வண்டி நகரவில்லை என்றால் டோ வண்டிக்குப் போன் செய்வதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். சைடு ஸ்டாண்டு சென்சாரில் சேறு அப்பியிருந்தால், ஸ்டாண்டு இறங்கியிருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடாது. பிரேக் லீவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் ஈரத்தில் ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான், பின் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஸ்டாண்டை நாலு தடவை ஏற்றி இறக்கி, லீவர்களைப் பத்துத் தடவை அழுத்தி விட்டால் பாதி வண்டிகள் கிளம்பிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது. ஈர வண்டியின் மேல் உடனே பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் வேர்த்து, இரவெல்லாம் கப்ளர்களில் படிந்து, காலையில் பார்த்தால் களிம்புக்கு வழி செய்து வைத்திருக்கும். துடைத்து, காற்றாட ஒரு மணி நேரமாவது விட்டு, பிறகு மூடுங்கள். கவர் துணி மாதிரிக் காற்று போகிற ரகமாக இருந்தால் நல்லது. கழற்றும் பேட்டரி என்றால், அதை மாடிக்குத் தூக்கிப் போகும்போது முனைகளில் மழை படாமல் ஒரு பை போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குள் இருக்கும் சாக்கெட்டையும் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மழைக்கு முன் சர்வீஸ் விடும்போது, வெளியே தெரியும் கப்ளர்களில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்கள். நாங்களே செய்துகொள்கிறோம் என்று ஒயர் பெட்டியைத் திறக்காதீர்கள், வாரண்டி போகும். துரு எடுக்கும் ஸ்பிரேயை எல்லா இடத்திலும் அடிப்பவர்கள் உண்டு. பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது.

சார்ஜிங்தான் நான் உண்மையில் பயப்படும் இடம். வண்டி நனைந்து வந்த உடனே சொருக வேண்டாம். சார்ஜிங் வாயைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மட்டும். சார்ஜரைத் தரையில் வைக்காதீர்கள், ஒரு ஸ்டூலாவது போடுங்கள், தரையில் தண்ணீர் வரும்போது முதலில் நனைவது அதுதான். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, அதைப் பால் கவரில் சுற்றி வைத்துச் சார்ஜ் போடும் பழக்கம் நம் ஊரில் எத்தனை வீட்டில்! தயவுசெய்து ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, 16 ஆம்பியர் பாயின்ட்டை மார்பு உயரத்தில், மூடி வைத்த பெட்டிக்குள், ஒழுங்கான எர்த்தோடு போடுங்கள். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு தெரிந்ததும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். அளவுக்கு மீறி கரண்ட் பாய்ந்தால் விழும் எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை, ஆர்சிசிபி காப்பாற்றுவது ஆளை. அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்தி, ட்ரிப் ஆகிறதா என்று பாருங்கள். இடி இடிக்கும்போது ப்ளக்கைச் சுவரிலிருந்தே உருவிவிடுங்கள்.

இனி நீங்கள் நிஜமாகக் கேட்ட கேள்வி, வெள்ளம். 2023 டிசம்பர் 3, 4-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் பகுதி எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அதற்கடுத்த ஆண்டு அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள், எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. புயல் அறிவிப்பு வந்தால் முந்தின நாளே வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். சொந்தக்காரர் வீடு, ஆபீஸ் மல்டிலெவல் பார்க்கிங், எதுவானாலும் சரி. சார்ஜ் 60, 70 சதவீதம் இருக்கட்டும். நாலு நாள் கரண்ட் இல்லாமல் போனாலும் அவசரத்துக்கு ஓடும். முழுசாக 100 வைத்து நிறுத்த வேண்டாம். 5 சதவீதத்தில் விட்டுவிட்டுப் போனால் அதைவிட மோசம், நிறுத்தி வைத்திருந்தாலும் வண்டியின் எலெக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி அடிமட்டத்துக்குப் போனால் எழுப்புவது கஷ்டம்.

இத்தனைக்கும் பிறகு வண்டி மூழ்கிவிட்டால்? ஆன் செய்து பார்க்காதீர்கள். சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டுமே கை தானாகச் செய்யும் வேலை, அதனால்தான் முதலில் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் இயான் புயல் அடித்து, கடல் தண்ணீர் ஊருக்குள் வந்தது. அதில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் புகுந்தால் செல்களுக்கு நடுவே மின்சாரம் கசியப் பாதை போட்டுவிடும், காய்ந்த பிறகும் அந்த உப்பு அங்கேயே இருக்கும். நம் ஊர் வெள்ளம் எல்லாம் கடல் தண்ணீர் இல்லை, ஆனாலும் சாக்கடையும் கழிமுகத் தண்ணீரும் கலந்தது. மூழ்கிய வண்டியைக் கட்டடத்திலிருந்து 50 அடி தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள் அங்கே. நம் தெருவில் 50 அடி தள்ளினால் மூன்றாவது வீட்டு வாசலில்தான் நிற்கும். குறைந்தபட்சம் வீட்டுக்குள், மாடிப்படிக்கு அடியில், சிலிண்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். கழற்றும் பேட்டரியைக் "காயட்டும்" என்று படுக்கையறை ஃபேனுக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். சீறும் சத்தம், இனிப்பு கலந்த மாதிரியோ பெயின்ட் மாதிரியோ ஒரு நெடி, தொட்டால் சூடு, இதில் எது இருந்தாலும் விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

சர்வீஸுக்கு லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். கயிறு கட்டி இழுக்காதீர்கள். காந்தம் வைத்த மோட்டாரை வேகமாகச் சுற்றினால் அதுவே ஜெனரேட்டராக மாறிக் கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் தள்ளும். நடை வேகத்தில் தள்ளிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை.

தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரிகிற மாதிரி, நம்பர் பிளேட்டும் சேர்த்து, போட்டோ எடுத்துவிட்டு முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குப் பைசா வராது, முழுக் காப்பீடு வேண்டும். அதிலும் பேட்டரிக்கு எவ்வளவு தேய்மானம் கழிக்கிறார்கள், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தனி ஆட்-ஆன் இருக்கிறதா என்று இப்போதே பாலிசியை எடுத்துப் பாருங்கள். மூழ்கிய பிறகு ஆன் செய்து அதனால் கன்ட்ரோலர் எரிந்தால், அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, உங்களால் வந்தது என்று கழித்துவிட வாய்ப்பு அதிகம். ஆன் செய்யாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒன்று, கேட்டால் சிரிப்பீர்கள். மழைக்காலத்தில் எலிகளுக்கும் வீடு முழுகும். சூடாக, காய்ந்ததாக, மூடி வைத்ததாக ஒரு இடம் தேடி வரும், அது உங்கள் டிக்கிக்கு அடியில்தான். மூன்று நாள் மழையில் வண்டியை எடுக்காமல் விட்ட என் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒயர் செட் மாற்றவே பெரிய செலவு. ஓட்டவில்லை என்றாலும் தினம் ஒரு முறை சீட்டைத் திறந்து பாருங்கள், டிக்கியில் பிஸ்கட் பாக்கெட் வைக்காதீர்கள்.